வேன் அக்கா அனுப்பிய செயலி

பெற்ற பிள்ளையையே ஒருவர் கையில் நம்பிக் கொடுத்த பிறகு, அவர் அனுப்பிய ஒரு செயலியை மட்டும் எப்படிச் சந்தேகப்படுவது? மூன்று ஆண்டுகளாக இதை யோசிக்கிறேன். பதில் கிடைத்துவிட்டதுபோல் சில நாள் இருக்கும். மறுநாள் பாத்திரம் கழுவும்போது அது பதிலே இல்லை என்று தோன்றிவிடும்.

அப்போது நாங்கள் கிள்ளான் பக்கம், பண்டமாரானில் குடியிருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை. மகள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். மகனுக்கு எட்டு மாதம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். கைக்குழந்தையோடு தினமும் இரண்டு முறை பள்ளிக்கு அலைய முடியாது என்பதால் பள்ளி வேன் தேடினோம். அப்படி வந்தவர்தான் வேன் அக்கா. அவருக்கு ஒரு பெயர் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் வாசல் காவலரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமானவர். ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவார். வெயிலுக்காக இரண்டு கைகளிலும் கறுப்பு உறை மாட்டியிருப்பார். ஒரு கை மட்டும் எப்போதும் சன்னலுக்கு வெளியே கொஞ்சம் தெரியும், சாலையில் இருக்கிற எல்லாரையும் "போங்க, போங்க" என்று வழிவிட்டு அனுப்பிக்கொண்டு.

அவர் யாரையும் காக்க வைக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒலிப்பான் அடித்து நான் கேட்டதில்லை. ஆறு நாற்பதுக்கு எங்கள் வாசலில் வேன் நிற்கும். நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் பெற்றோரின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், "வந்துட்டேன்" என்று செய்தி விழும். பள்ளி ஒன்று இருபதுக்கு விடும் என்றால் அவர் பன்னிரண்டே முக்காலுக்கே போய் மரத்தடியில் நின்றுவிடுவார். அவர் காத்திருப்பார். அவரால் யாரும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"வெல்க்ரோ ஷூ வாங்கிக் குடுங்கமா" என்று முதல் நாளே சொன்னார். "கயிறு கட்டுற ஷூன்னா ஒரு பிள்ள கட்டுறதுக்கு பதிமூனு பிள்ள நிக்கணும் லா."

சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர் வாங்க வந்தாலும் வழியிலேயே அழைத்துச் சொல்லிவிடுவார். வரும்போது பொட்டலம் தயாராக இருக்கும். சரியான சில்லறையைக் கையில் வைத்திருப்பார், பின்னால் நிற்பவர் நிற்கக் கூடாதாம். நாம் பேசும்போதுகூட நம் வாக்கியம் முடியும்வரை பொறுக்க மாட்டார். "அக்கா, நாளைக்கு பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தால், "பல் டாக்டர், வேன் வேணாம், சரி" என்று முடித்து வைப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முதல் வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். குழந்தையைக் காரின் பின்னிருக்கையில் கட்டி வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் வேனைப் பின்தொடர்ந்தேன். எவ்வளவு வேகம் போகிறார், பிள்ளைகளை எந்தப் பக்கம் இறக்குகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஒரு சமிக்ஞை விளக்கில் வேன் பச்சையிலும் நகராமல் நின்றது. பின்னால் லோரிக்காரர்கள் கத்தினார்கள். நான் நெருங்கிய பிறகுதான் வேன் கிளம்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய குரல் பதிவு.

"மா, நீங்க பின்னாடி வரீங்கன்னு தெரியும். நேத்தும் பாத்தேன். நாளைக்கு வர்றதா இருந்தா சொல்லிருங்க, திரும்புற சிக்னல முன்னாடியே போட்டுடறேன். தொலைஞ்சிடாதீங்க லா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து நான் பின்தொடரவில்லை. ஒரு வேன் ஓட்டுநரின் பிழைப்பு எதில் நிற்கிறது என்று எனக்கு அன்று விளங்கியது. வேன் பழையது, குளிர்சாதனம் பாதி நாள் வேலை செய்யாது. பெற்றோர் நம்பிப் பிள்ளையை ஏற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு குறுஞ்செய்தி போதும், அந்த இருக்கை காலியாகிவிடும். அவரும் அதை அறிந்துதான் ஒவ்வொரு நாளும் ஓட்டினார்.

மகளை ஏற்றும்போது ஒரு முறை கேட்டேன், "ஏன்க்கா இவ்வளவு அவசரம்?" என்று. சிரித்தார். "சின்ன வயசுல எங்கம்மாவுக்கு சுங்கை வே பக்கம் ஃபேக்டரி ஷிப்டு. ஸ்கூல் கேட்டு பூட்டுற வரைக்கும் நான் நின்னிருக்கேன்மா" என்றார். அடுத்த வார்த்தை சொல்வதற்குள் கதவு மூடி வேன் கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

வேனில் முன்னிருக்கையின் முதுகில் ஒரு தட்டைக் கணினி கட்டியிருக்கும். மதியம் வீடு வீடாக இறக்கிக்கொண்டு வரும்போது கடைசிப் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரக்கூடாது என்று கார்ட்டூன் ஓடவிடுவார். இலவசச் செயலிதான். அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வரும். விளம்பரம் என்றால் சோப்பு, பால்மாவு மட்டுமில்லை. சக்கரம் சுற்றி, மணியடித்து, காசு கொட்டுகிற சூதாட்ட விளம்பரங்களும் வந்தன. ஒரு நாள் என் மகள் இரவுச் சாப்பாட்டின்போது தட்டைச் சுற்றிவிட்டு "ஜாக்பாட்!" என்று கத்தினாள். கணவர் சிரித்தார். நான் தட்டைப் பிடித்து நிறுத்தினேன். மறுநாள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நானும் பாத்தேன்மா. பிள்ளைங்கள உக்கார வச்சு சூது காட்டுறானுங்க. பதினஞ்சு செகண்டு தள்ளவும் முடியல. ரெண்டு நாள் குடுங்க, நான் பாக்குறேன்."

எனவே, இதைத் தொடங்கி வைத்தது நான்தான். இந்த வரியை எழுதிவிட்டு ஒரு முறை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

இரண்டு நாள் என்றார், மறுநாளே வந்தது. அவர் வண்டிக்கு டயர் மாற்றும் கடையில் யாரோ ஒரு செயலி கொடுத்தார்களாம். கட்டணம் கட்டிப் பார்க்கிற படம், தொடர், கார்ட்டூன் எல்லாம் அதில் இலவசம், விளம்பரமே கிடையாது. உண்மையான செயலியை யாரோ பிரித்து, பூட்டுகளை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி வெளியே விட்டது. செயலிக் கடையில் கிடைக்காது, கோப்பாகத்தான் கைமாறும். அன்று மதியம் மகள் இறங்கிக்கொண்டிருந்தபோதே அக்கா தன் கைப்பேசியிலும் அதைப் போட்டார். வாசலில் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. தெரியாத இடத்துக் கோப்பு, தீங்கு விளைவிக்கலாம் என்று எச்சரிக்கை வந்தது. கட்டைவிரல் அதைத் தாண்டியது. தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? சரி. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா? சரி. இன்னும் ஏதோ இரண்டு. சரி, சரி.

"அக்கா, படம் பாக்குற ஆப்பு ஏன் மெசேஜ் படிக்கணும்?"

"கேட்டுச்சு லா, குடுத்துட்டேன். குடுக்கலன்னா அங்கேயே நின்னுக்கிட்டு இருக்கும்."

"இல்லக்கா, வாசிச்சுட்டு..."

"எல்லாத்தையும் வாசிச்சுட்டு இருந்தா வாழறது எப்பமா?" என்று சிரித்தார். வேன் போய்விட்டது.

அன்று மாலை புலனக் குழுவில் அந்தக் கோப்பு வந்து விழுந்தது. கூடவே அக்காவின் குரல்: "பிள்ளைங்களுக்குப் போட்டுக் குடுங்க. விளம்பரம் வராது, சூது வராது. சீரியலும் இருக்கு." கீழே நன்றி, கைகூப்பு, இதயம். ஓர் அப்பா, "அக்கா குடுத்தா கண்ண மூடிக்கிட்டு போடலாம்" என்று எழுதினார். முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் அந்தக் குழுவில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நான் ஒரு செய்தி எழுதினேன். "இந்தச் செயலி நம் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது, வங்கியிலிருந்து வரும் எண்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன, யோசித்துப் போடுங்கள்." அனுப்பினேன். அனுப்பியதும் பயம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவரைக் குறை சொல்வதுபோல் இருக்கிறதே, நாளை யாராவது பிள்ளையை வேனில் அனுப்ப யோசிப்பார்களே என்று. யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். அழித்த அடையாளம் மட்டும் குழுவில் நின்றது.

உடனே அக்காவின் தனிச்செய்தி. "என்னமா அழிச்சிட்டீங்க? திட்டுறதா இருந்தா தனியா திட்டுங்க லா."

"ஒன்னுமில்லக்கா. வேற குரூப்புக்கு அனுப்ப வேண்டியது."

மறுநாள் காலை வாசலில் கேட்டார். "போட்டீங்களா?"

"போட்டுட்டேன்க்கா. நல்லா இருக்கு."

நான் போடவில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது பொய் சொன்னதும் சரிதான் என்று பட்டது. என் வீட்டை நான் பாதுகாத்துக்கொண்டேன், அவர் மனதும் நோகவில்லை என்று கணக்குப் போட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வேனுக்குள் பிள்ளைகள் விளம்பரமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுவது என் பிறவிக்குணம் என்று நானே முடிவுக்கு வந்திருந்தேன். ஒரு முறை மட்டும் அக்கா தன் கைப்பேசியை என் கையில் வைத்து, "தொட்டுப் பாருங்க, தோசக்கல் மாதிரி சுடுது. வெயிலு" என்றார். நானும் வெயில்தான் என்றேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. மகன் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தான். அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. மலாயில் இருந்தது. ஆறு இலக்க எண் ஒன்றைத் தவறுதலாக உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன், உடனே அனுப்புங்கள், அவசரம் என்று. அக்கா எனக்கு மலாயில் எழுதியதே இல்லை. அது எனக்குத் தோன்றியது. அவசரத்தில் பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்து எழுதியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே நேரத்தில் குறுஞ்செய்தியாக அந்த எண்ணும் வந்தது. இதை யாரிடமும் பகிராதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன். எல்லாவற்றையும் வாசிக்கிற ஆள் நான்.

இரண்டாம் செய்தி: சீக்கிரம்.

நம்மை ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்காத மனுஷியை நாம் காக்க வைப்பதா? அனுப்பிவிட்டேன். கை முழுக்கக் கஞ்சி. திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது புலனம் என்னை வெளியே தள்ளியிருந்தது. என் எண் இப்போது வேறொரு கைப்பேசியில் வேலை செய்துகொண்டிருந்தது.

அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேன் ஓட்டும்போது எடுக்க மாட்டார். ஆனால் பதினொன்றரைக்கு அவர் ஓட்டும் நேரமில்லையே. கணவரை அழைத்தேன். "முதல்ல பேங்குக்குக் கூப்பிட்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு, அழறது அப்பறம்" என்றார். அப்படியே செய்தேன். காசு எதுவும் போகவில்லை.

அதற்குள் என் பெயரில் எல்லாருக்கும் செய்தி போய்க்கொண்டிருந்தது. மாமியார் மட்டும் அந்தத் திருடனோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவன் அந்த ஆறு இலக்கக் கோட் எண்ணைக் கேட்க, இவர் "பையன் கஞ்சி குடிச்சானா, நேத்து வயித்துக்குப் போச்சா" என்று கேட்க, கடைசியில் அவனே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்றும் எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு அது ஒன்று இருக்கிறது.

சிரிக்க முடியாதது இன்னொன்று. எங்கள் பக்கத்துச் சாலையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, அதே வேனில் போகிறவள். அவளுடைய அம்மா வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்தார்.

"நீங்க கேட்டீங்கன்னு கோட் அனுப்பிட்டேன் சிஸ்டர். இப்ப என் புலனமும் போச்சு. முதல்ல வேன் அக்கா நம்பர்ல இருந்து வந்துச்சு, நான் குடுக்கல. நீங்க கேட்டதும்தான் குடுத்தேன். நீங்கதான் எதையும் ரெண்டு தடவ பாக்குறவங்க ஆச்சே."

நான் கேட்கவில்லை, என் எண் திருடு போய்விட்டது என்றேன். "உங்களுதும் அந்த ஆப்பாலயா?" என்று கேட்டார். மகன் அழுதான். "பையன் அழறான், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்கு மகள் வீட்டில் இருக்க வேண்டும். ஒன்று ஐம்பது ஆயிற்று. "வந்துட்டேன்" செய்தி வராது என்று தெரியும். வந்தாலும் அது அவர் அனுப்பியதா என்று தெரியாது. அந்த எண்ணிலிருந்து இன்று வேறு வேன் வரும், பிள்ளையை ஏற்றிவிடுங்கள் என்று பள்ளிக்கு யாராவது செய்தி அனுப்பியிருந்தால்? பள்ளிக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லோரி போன பிறகும் அதற்குப் பின்னால் வெள்ளை வேன் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இருபதுக்கு அது வந்தது.

மகள் சன்னலில் கையசைத்தாள். அக்கா இன்ஜினை அணைத்தார். அதுவரை எங்கள் வாசலில் அவர் இன்ஜினை அணைத்ததில்லை. தலையணையிலிருந்து இறங்கி, கையுறைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"என் நம்பர் என்கிட்ட இல்லமா. காலையில இருந்து யாரோ வச்சிருக்கான். அதுல எது வந்தாலும் நம்பாதீங்க. ஃபோன்ல சொன்னா யாரு நம்புவா? அதான் வீடு வீடா இறங்கி மூஞ்சியக் காட்டிச் சொல்லிட்டு வரேன். லேட்டாயிடுச்சு."

"எப்பிடிக்கா?"

"அந்த ஆப்புதான். ஃபோன் கடைக்காரன் பாத்துட்டான். எனக்கு வர்ற மெசேஜு எல்லாம் அவனுக்கும் போயிருக்கு. கோட் வந்தப்ப என்னைக் கேக்கவே இல்ல, அதுவே எடுத்துக் குடுத்திருச்சு." கழற்றிய கையுறைகளைச் சுருட்டினார். "உங்களுதும் போயிடுச்சா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"போட்டேன்னு சொன்னீங்களே. நான்தான் போடச் சொன்னேன். என்னை மன்னிச்சிருமா."

வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள், "அக்கா, பசிக்குது! சீக்கிரம்!" என்று கத்தினார்கள்.

"இருங்க லா! இன்னிக்கு நிக்கத்தான் வேணும்!" என்று அவர் திரும்பிக் கத்தினார். அவர் குரலில் 'இருங்க' என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். கண் சிவந்திருந்தது.

அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்க வேண்டும். 'அக்கா, நான் அதைப் போடவே இல்லை, பொய் சொன்னேன், என் கையால்தான் எண்ணை அனுப்பினேன்' என்று. பசித்த பிள்ளைகள் வேனில் இருந்தார்கள், இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது, மகன் என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் உண்மைதான். எல்லாம் சாக்கும்தான். "பரவால்லக்கா" என்று மட்டும் சொன்னேன்.

எண்கள் இரண்டு நாளில் திரும்பக் கிடைத்தன. அந்தச் சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, வரவேற்பறையில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். செயலியைப் போட்ட பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கைப்பேசியோடு வந்தார்கள். கணவர் செயலியை நீக்கி, முக்கியமானதை எடுத்து வைத்து, கைப்பேசியை முழுதாக அழித்து, மறுபடி அமைத்துக் கொடுத்தார். கடவுச்சொல் மாற்றி, புலனத்துக்கு இரண்டாவது பூட்டும் போட வைத்தார். அக்காவின் கைப்பேசி கடைசி. அதில் ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அவர் கட்டைவிரலை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது என்ன கேக்குது? வாசிங்க."

"நீங்க எங்க இருக்கீங்கன்னு பாக்கவாம்."

"எதுக்கு?"

"மேப்புக்கு. இது வேணும்க்கா."

"அப்பச் சரி. அடுத்தது?"

ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. நடுவில் என் மகள் வந்து அவர் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். அதனால் கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை. அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடும். அதே அறையில் நான் வாய் திறக்காமல் இருந்தேன் என்பதும் அதனோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்.

வேனில் பழைய செயலி திரும்ப வந்தது, விளம்பரத்தோடு. அக்கா ஒரு விதி போட்டார். விளம்பரம் வந்தால் எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பி, போகிற லோரிகளின் கொள்கலன் நிறங்களை எண்ண வேண்டும். சிவப்பா நீலமா என்று சண்டை. சில நாள் விளம்பரம் முடிந்த பிறகும் பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லையாம். பிறகு கணவரின் உதவியோடு, பிள்ளைகளுக்கான செயலி ஒன்றுக்கு முறையாகச் சந்தா கட்டினார். "இதுக்குப் போயி திருட்டு வழி" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எல்லாப் பெற்றோரும் அவரோடு நிற்கவில்லை. இரண்டு குடும்பங்கள் விலகின. ஒன்று அந்தச் செயலியைப் போட்டவர்கள். இன்னொன்று இரட்டைச் சடைச் சிறுமியின் வீடு. அவர்கள் செயலியைப் போடவே இல்லை. எண்ணைக் கொடுத்தது என் பெயரைப் பார்த்து. ஆனால் அந்த அம்மா அக்காவிடம், "உங்க ஆப்பு ஆரம்பிச்சு வச்சதுதானே எல்லாம்" என்று சொல்லியிருக்கிறார்.

"போகட்டும்மா" என்றார் அக்கா என்னிடம். "பயத்தோட பிள்ளையை அனுப்பக் கூடாது லா. அது அவங்களுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்." ஆனால் தினமும் அந்த வீட்டைத் தாண்டும்போது வேன் கொஞ்சம் மெதுவாகும் என்று என் மகள் சொன்னாள். அந்தச் சிறுமி வாசலில் நின்று கையசைப்பாளாம்.

அதன் பிறகு இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறை, "அக்கா, அன்னிக்கு அந்த ஆப்பு..." என்று தொடங்கினேன். "போனதை விடுங்கமா, எனக்கே வெட்கமா இருக்கு" என்று என் வாக்கியத்தை முடித்து வைத்தார். அந்த முறை மட்டும் அவர் முடித்தது தவறு.

நாங்கள் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறோம். அலுவலகத்துக்கு நடந்தே போகிறேன். மகள் வளர்ந்துவிட்டாள், மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான், வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அக்காவும் நன்றாக இருக்கிறார். குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்கிற புது வேன் வாங்கியிருக்கிறார், இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன. பெற்றோர் குழுவில் யார் எந்தக் கோப்பு அனுப்பினாலும், "இது எதுக்கு மெசேஜ் படிக்கணும்?" என்று முதலில் கேட்பவர் அவராம். ஒவ்வொரு தீபாவளிக்கும் குரல் பதிவு அனுப்புவார். எல்லாரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் தவறாமல், "அன்னிக்கு உங்க நம்பர் போனது என்னாலதான், மறக்க முடியலமா" என்பார். நான் ஒவ்வொரு முறையும், "அதெல்லாம் விடுங்கக்கா" என்று பதில் போடுவேன்.

போன வாரம் தீபாவளி இல்லாமலே ஒரு பதிவு வந்தது. அந்த இரட்டைச் சடைச் சிறுமியின் அம்மாவைப் பாசார் சந்தையில் பார்த்தாராம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். "ஒரு நாள் நீங்க கூட வந்து, எனக்காக ரெண்டு வார்த்த பேசுங்கமா. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

போனால் உண்மையைச் சொல்லாமல் பேச முடியாது. அந்த அம்மாவிடம் சொல்வதற்கு முன் அக்காவிடம் சொல்ல வேண்டும். கணவர், "பழசு, சும்மா இரு. அவங்க மனசு ஒடைஞ்சிடும்" என்கிறார். அலுவலகத் தோழி, "ஃபோன் பண்ணிச் சொல்லிடுடி, ரெண்டு நிமிஷம்" என்கிறாள். சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கு? மூன்று ஆண்டுகள் தேவையில்லாமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம் என்று தெரிய வரும். அது அவருக்கு நிம்மதியா, அவமானமா என்று என்னால் கணிக்க முடியவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாராவது இப்படி ஒருவரிடம் காலம் தாழ்த்தி உண்மையைச் சொல்லியிருக்கிறீர்களா? தொலைபேசியிலா, நேரில் போயா? முதல் வாக்கியம் என்னவாக இருந்தது? தயவுசெய்து எழுதுங்கள். அவருடைய பதிவை நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.